கடைசி ரீல் ஓடாத ஊர்

எங்கள் வீட்டு ஜன்னல் சினிமாவில் வந்திருக்கிறதா என்று நான் யாரிடமும் கேட்டிருக்க வேண்டாம். கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் யாராவது ஒருவர் வீட்டுச் சமையலறையில் குப்புறப் படுத்துக்கொண்டு, பழைய பிரிட்ஜின் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். அதுதான் என் தொழில். சினிமா என் வியாதி. இரண்டையும் கலக்காமல்தான் இத்தனை காலம் குடும்பம் நடத்தினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் கதையை இனிமேல் என்னை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போட்டார்கள். படத்தின் பெயரை எழுத நகரத் திரைப்பெருமை வாரியத்தின் முன் அனுமதி வேண்டும் என்பதால் படம் என்றே சொல்கிறேன். கதாநாயகி வழி தெரியாமல் ஒரு தெருவுக்குள் வந்து, ஒரு வீட்டு ஜன்னலில் தண்ணீர் கேட்பாள். உள்ளேயிருந்து ஒரு வாத்தியாரும் அவர் சம்சாரமும் எட்டிப் பார்ப்பார்கள். எத்தனையோ தடவை பார்த்த காட்சி. அன்றைக்குத்தான் ஜன்னலைப் பார்த்தேன். ஐந்து கம்பிகள். நடுக்கம்பி மட்டும் தொப்பை விழுந்தவன் மாதிரி வெளிப்பக்கம் வளைந்து நின்றது.

"ஏய், ஓடி வா! இது நம்ம ஜன்னல்!"

என் மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியோடு வந்து பார்த்தாள்.

"இத்தன வருஷமா சரி பண்றேன், சரி பண்றேன்னு சொல்றீங்களே, அந்தக் கம்பியா?"

"படத்திலேயே வளைஞ்சிருக்குடி! எங்கப்பா இந்த வீட்ட வாங்கறதுக்கு முன்னாடியே வளைஞ்சிருக்கு!"

"அப்ப சினிமாக்காரனும் உங்கள மாதிரிதான். சரி பண்றேன்னு சொல்லிட்டுப் போயிருப்பான்."

படத்தின் முடிவில் வில்லனின் ஆட்கள் வாத்தியாரையும் சம்சாரத்தையும் வீட்டுக்குள் தள்ளி, கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டையைப் போட்டார்கள். இருவரும் ஜன்னலில் வந்து நின்றார்கள். வீட்டுக்குத் தீ வைத்தார்கள். கதாநாயகன் ஓடி வந்து பட்டையைத் தூக்கி எறிந்து இருவரையும் காப்பாற்றினான். வீடு சாம்பலானது. இந்த முடிவை மட்டும் புதிதாகப் பார்ப்பது போல இருந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. நம் வீடு எவ்வளவு அழகாக எரிகிறது என்று பெருமையில் எனக்குக் கண் கலங்கியது. எரிந்தது ஸ்டுடியோவில் போட்ட அட்டைச் செட்டு என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

சின்னக் குழந்தைக்குத் தெரிவது வாரியத்துக்கும் தெரியும் என்று நம்பி, படத்தில் வந்த வீடு என்று பதிவு செய்ய மறுநாளே போனேன்.

நகரத் திரைப்பெருமை வாரியம் பழைய நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. புத்தகங்கள் இருந்த அலமாரிகளில் இப்போது தகர ரீல் டப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன. எல்லாம் காலி டப்பாக்கள். வாசலில் ஒருவர் படப்பிடிப்பில் தட்டுகிற கிளாப் பலகையோடு நின்றார். ஊரில் அவரைக் கிளாப் என்றே கூப்பிடுகிறார்கள்.

"வந்த விஷயத்த ஒரே டேக்ல சொல்லணும். தடுமாறினா மறுபடி வாசப்படிலேருந்து வரணும்" என்றார்.

தடுமாறினேன். "கட்!" என்றார். வெளியே போய் மறுபடி வந்தேன். இந்தத் தடவை வணக்கம் சொல்லும்போது சிரிப்பு இயல்பாக இல்லையாம். இன்னொரு தடவை எல்லாம் சரியாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவர் தும்மிவிட்டார். "உங்க மேல தப்பில்ல. ஆனா சவுண்ட் கெட்டுப்போச்சு" என்று ஆறுதலாகச் சொல்லி மறுபடியும் அனுப்பினார். அவனவன் அரசாங்க ஆபீசில் நடையாய் நடக்கிறான்; இங்கே ஒரே நாளில் அத்தனை நடையையும் முடித்துக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உட்காரச் சொன்ன இடத்தில் சுவரெல்லாம் புகைப்படங்கள். ஒவ்வொன்றின் கீழும் "ஒப்புதல் பெற்ற காட்சி" என்று எழுதியிருந்தது. ஒரு படத்தில் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றியபடி தலைகுனிந்து நின்றார். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. போன வருஷம் மனைவிக்கு வயிற்றுவலி என்று கூட்டிப்போனபோது இதே டாக்டர் இதே மாதிரி கண்ணாடியைக் கழற்றி, "எங்களால ஆனதெல்லாம் பண்ணிட்டோம். இனிமே எங்க கையில ஒண்ணுமில்ல" என்றார். நான் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். பிறகு அவரே வயிற்றுவலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாவம், மனுஷனுக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று நினைத்தோம். இப்போதுதான் புரிந்தது. அந்த ஆஸ்பத்திரி ஏதோ ஒரு படத்தில் வந்திருக்கிறது. படத்தில் நடந்ததுதான் இனிமேல் அங்கே நடக்க வேண்டும்.

அப்போதே எழுந்து போயிருக்கலாம். ஆனால் வாசலில் பித்தளைப் பலகை மாட்டுவார்கள், தெருவே அண்ணாந்து பார்க்கும் என்ற ஆசை என்னை நாற்காலியோடு கட்டிப்போட்டது.

மூன்றாம் நாள், படத்தில் இருப்பதும் நேரில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற தொடர்ச்சி அலுவலர் வீட்டுக்கு வந்தார். அமைதியான அம்மாள். சத்தம் போட்டுப் பேசுகிற அதிகாரிகளுக்கு நான் பயப்படுவதில்லை. இவர் பேசிய மென்மையில் எனக்கு வியர்த்தது. ஜன்னல் கம்பியைக் கன்றுக்குட்டியைத் தடவுவது மாதிரி தடவினார்.

"அற்புதமான வளைவு. இத நேராக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"தோணும் மேடம். நேரமில்ல."

"அந்த அக்கறையின்மைதான் சார் நம்ம பாரம்பரியத்தக் காப்பாத்துது."

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த அம்மாள் கூடம், கதவு, நிலைப்படி எல்லாவற்றையும் பார்த்து முடித்து, போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டார்.

"வீடு எப்ப எரிஞ்சது?"

"எரியலையே மேடம்."

அவர் முகம் வாடிவிட்டது. எனக்காக வருத்தப்படுகிறார் என்பது தெரிந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"படத்துல எரிஞ்சிருக்கே."

"அது செட்டுங்க, மேடம். அட்டையில செஞ்சு..."

"சார், நீங்க சினிமாவ ரசிக்கிறவர். நீங்களே இப்படிப் பேசலாமா? வாசல் நம்ம ஊர்ல, தீ மட்டும் வேற ஊர்லயா? பாக்கிறவங்க மனசு எவ்வளவு கஷ்டப்படும்? இது தொடர்ச்சிக் குறைபாடு. சரி பண்ணிடலாம், கவலப்படாதீங்க."

கவலைப்படாதீர்கள் என்று சொன்ன பிறகு நான் தூங்கவில்லை.

அடுத்த வாரம் வாரியத் தலைவர் முன்னால் விசாரணை நடந்தது. இதற்குமுன் அவர் குடிநீர் வாரியத்தில் இருந்தவர். அவருடைய மேஜையில் ஒரு சின்ன விசிறி, அவருடைய முடி பறக்கிற மாதிரி, பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்தே பேசினாலும் அது மேடைப் பேச்சாகத்தான் இருந்தது.

"நான் குடிநீர் வாரியத்தில இருந்தப்போ குழாய்ல தண்ணி வரல. ஜனங்க பொறுத்துக்கிட்டாங்க. ஏன்னா தண்ணி வரும்னு அவங்க எதிர்பார்க்கவே இல்ல. ஆனா சினிமாவில பார்த்தது நேர்ல இல்லன்னா பொறுத்துப்பாங்களா? ஒரு நிர்வாகத்தோட வேல உண்மையக் கண்டுபிடிக்கிறது இல்ல. ஏற்கனவே அறிவிச்ச உண்மைக்கு ஊரத் தயார் பண்றது. உங்க வீடு எரிஞ்ச வீடுன்னு போன வாரமே நான் மேடையில சொல்லிட்டேன். கைதட்டு வாங்கிட்டேன். வாங்கின கைதட்டத் திருப்பிக் கொடுக்க விதியில இடமில்ல."

"ஐயா, வீட்டுக்குள்ள நாங்க இருக்கோமே?"

"இருக்கணும்! படத்துல ரெண்டு பேர் ஜன்னல்ல நிக்கிறாங்க. வயசும் ஏறக்குறைய ஒத்துவருது. எங்களுக்கு ஆள் தேடற வேல மிச்சம்."

மேஜையைப் பிடித்துக்கொண்டு எப்படியோ கேட்டேன். "படத்துல கடைசில கதாநாயகன் வந்து காப்பாத்துவாரே, ஐயா?"

தலைவர் தொடர்ச்சி அலுவலரைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"கதாநாயகன் பணியிடம் காலியா இருக்கு, சார். நிரப்ப அனுமதி கேட்டிருக்கோம். இன்னும் மேலேருந்து வரல."

"அப்ப தீயையாவது அவர் வந்தப்புறம் வைக்கலாமே!"

"தீக்கு வேற பிரிவு" என்றார் தலைவர். "அவங்க தயாராயிட்டாங்க. சுறுசுறுப்பா வேல செய்யற ஒரு பிரிவ நாம தட்டிக்கொடுக்கணுமே தவிர, காக்க வைக்கக் கூடாது."

வெளியே வந்ததும் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நல்லவர். அவர் வீட்டு பிரிட்ஜுக்கு இரண்டு தடவை கேஸ் ஏற்றியிருக்கிறேன். முழுக்கக் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எங்க ஸ்டேஷனும் ஒப்புதல் பெற்ற காட்சிதான், அண்ணே. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் நாங்க ஜீப்ப எடுக்கணும். ஒரு தடவ முன்னாடியே போய் ஒரு திருடனப் புடிச்சிட்டேன். இன்னிக்கு வரைக்கும் விளக்கம் கேட்டுக்கிட்டு இருக்காங்க. ஆனா கண்டிப்பா வருவேண்ணே. முடிஞ்ச உடனே வருவேன்."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. பரண் மேலிருந்து இரண்டு பைகளை எடுத்துத் தூசி தட்டினாள்.

"வேலியில போன ஓணானப் புடிச்சு மடியில விட்டுக்கிட்டீங்க. இப்ப குடையுதுன்னா என்ன பண்றது? எந்திரிங்க. எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடலாம்."

இரண்டு பைகளோடு கிளம்பினோம். தெருமுனையில் கிளாப் நின்றார்.

"கட்! படத்துல இந்தத் தெருவில யாரும் பையோட வெளிய போகல" என்றார். திரும்பி வீட்டுக்கு வந்தோம். பையில்லாமல் போனோம். "கட்! இந்தப் பக்கம் யாரும் ஜோடியாவே போகல." தனித்தனியாகப் போனோம். என்னை மட்டும் நிறுத்தி, "நடையில பயம் தெரியுது. அந்த வாத்தியார் இதுவரைக்கும் பயப்படவே இல்ல" என்றார். கொஞ்ச தூரம் போயிருந்த மனைவி, நான் வராததைப் பார்த்து அவளாகவே திரும்பி வந்துவிட்டாள். அதற்காக அவளைத் திட்டினேன். போயிருக்கலாமே என்று இப்போதும் நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மாவுமில்காரர் வந்தார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவர் எரிவதற்கு முன்பே வந்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பிரிட்ஜ் சும்மா வீணாப் போறதுக்கு எங்க வீட்டுல இருந்தா உங்க ஞாபகமா இருக்கும்ல?" என்றார். தெருவுக்கே பெருமை வந்ததில் அவர் குரல் தழுதழுத்தது. "எங்க சுவர் மேல புகை படியறாப்புல காத்து அடிச்சா எங்களுக்கும் ஒரு பலகை கிடைக்கும்னு சொல்றாங்க."

அவர் போனதும் மனைவி ஏதோ ஞாபகம் வந்தவளாக நிமிர்ந்தாள்.

"என்னங்க, இந்தப் படத்துல தீப்புடிக்கிறத நாம எப்பப் பார்த்தோம்?"

"டிவியில."

"அதுக்கு முன்னாடி? நம்ம தியேட்டர்ல?"

யோசித்தேன். தலையில் விளக்கு எரிந்தது. எங்கள் ஊர்த் தியேட்டரில் எந்தப் படத்துக்கும் கடைசி ரீல் ஓடியதில்லை! ஊருக்கு வெளியே இருந்த அந்தத் தியேட்டருக்கும் அங்கேயிருந்து ஊருக்குள் போகிற பஸ்ஸுக்கும் ஒரே முதலாளி. படம் முடிகிற வரைக்கும் பஸ்ஸை நிறுத்தி வைக்க அவருக்கு மனசு வராது. டிரைவர் வெளியே ஹாரன் அடிப்பார். உள்ளே ஆபரேட்டர் ரீலை நிறுத்தி விளக்கைப் போடுவார். ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள். கொலைகாரன் யார், கல்யாணம் நடந்ததா என்பதெல்லாம் எங்கள் ஊரில் அவரவர் சௌகரியம்தான். இந்தப் படத்தில் வாத்தியாரும் சம்சாரமும் ஜன்னலில் வந்து நிற்கிற இடத்தில் ஹாரன் அடித்துவிடுவார்கள். அதனால்தான் அந்தத் தீ எனக்குப் புதிதாக இருந்திருக்கிறது.

மறுநாள், வாரியத்துக்கு என்றதும் கிளாப் எங்களைக் கூட்டிப்போனார். அங்கே மனைவிதான் பேசினாள். ஒரே டேக்கில் ஓகே. கிளாப்பே அசந்துபோனார்.

"ஐயா, நம்ம ஊர் மண்ணுல அந்தத் தீ பத்தினதே இல்ல. எங்கம்மா சாகற வரைக்கும் அந்த வாத்தியார் என்ன ஆனாருன்னு தெரியாமலே போய்ச் சேர்ந்தாங்க. வெளியூர்க்காரன் பார்த்த முடிவ நம்ம ஊர் மேல திணிக்கலாமா? அப்ப நம்ம தியேட்டர்ல காட்டினது பொய்யா?"

தலைவர் எழுந்தே விட்டார். "எந்த நாய் அப்படிச் சொன்னது? நம்ம ஊர்ல ஓடினதுதான் படம்! மத்ததெல்லாம் வதந்தி!" மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். "அம்மா, என் வயித்துல பால வார்த்தீங்க. தீயணைப்புக்காரங்க வேற தொல்ல பண்ணிக்கிட்டு இருந்தாங்க. கதாநாயகன் பணியிடத்தையும் இனிமே நிரப்ப வேண்டியதில்ல. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா!"

தீ ரத்து என்று அங்கேயே உத்தரவு போட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தெரு வழியாக வரும்போது எங்களைக் கிளாப் நிறுத்தவில்லை. அதை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். வீட்டுப் பக்கம் போகிறவனை அவர் ஏன் நிறுத்தப்போகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் உள்ளே போய் மூச்சு விடுவதற்குள் கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்டது. இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு ஓடினேன். தொடர்ச்சி அலுவலர் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம்! தீ ரத்துன்னு சொன்னாங்களே!"

"ரத்துதான் சார். தீ கடைசி ரீல்ல வருது. பட்டை அதுக்கு முந்தின ரீல்ல." அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "நீங்க ரெண்டு பேரும் இப்ப நிக்கிறீங்களே, இதுதான் நம்ம ஊர் பார்த்த கடைசிக் காட்சி. அச்சு அசலா இருக்கு. அசையாதீங்க."

"எப்ப திறப்பீங்க?"

"திறக்கிறது கதாநாயகன். அவரும் கடைசி ரீல்லதான் வர்றார்."

தீயை வெட்டியபோது காப்பாற்ற வந்தவனையும் சேர்த்து வெட்டிவிட்டோம்.

வாரியத்து ஆட்கள் பின்கதவு வழியாக வந்தார்கள். போன் படத்தில் இல்லை, எடுத்துக்கொண்டு போனார்கள். பிரிட்ஜ் படத்தில் இல்லை. மாவுமில்காரர் வண்டியோடு தயாராக நின்றார். பின்கதவும் படத்தில் இல்லை, போகும்போது செங்கல் வைத்து அடைத்தார்கள். கதவில் இருப்பது வெறும் பட்டை. பூட்டுக் கிடையாது. படத்திலும் பூட்டு இல்லை. வெளியே நிற்கிற யார் வேண்டுமானாலும் ஒரு கையால் தூக்கிவிடலாம். அதை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகமாகப் பயமாக இருக்கிறது. சாப்பாடு நடுக்கம்பியின் வளைவு வழியாக வருகிறது. நல்லவேளை சரி பண்ணவில்லை என்று மனைவி ஒரு தடவை சொன்னாள். ஒரு தடவைதான்.

தினமும் சாயங்காலம் வாரியத்தின் பஸ்ஸில் பார்வையாளர்கள் வருகிறார்கள். ஆரம்பத்தில் நாங்கள் கத்தினோம். "எவ்வளவு இயல்பா பண்றாங்க!" என்று கை தட்டினார்கள். பிறகு கத்தாமல் நின்றோம். "முந்தி மாதிரி உயிர் இல்ல" என்று யாரோ புகார் எழுதிப்போட்டார்கள்.

நேற்று ஒரு பெண் வந்தாள். மற்றவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் என் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளாப்பிடம் கேட்டாள்.

"அப்புறம் என்ன ஆச்சு இவங்களுக்கு?"

"நம்ம ஊர்ல அப்புறம்னு ஒண்ணு கிடையாதும்மா" என்றார் அவர்.

கூட்டத்தை அழைத்துக்கொண்டு அவர் பஸ் பக்கம் நகர்ந்தார். அவள் நகரவில்லை. ஜன்னல் பக்கத்தில் வந்து ரகசியமாகக் கேட்டாள்.

"ஏங்க, உங்கள நிஜமாவே உள்ள அடைச்சு வச்சிருக்காங்களா?"

மனைவி தலையை மட்டும் ஆட்டினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் பண்ண வேணாம்மா. அந்தப் பட்டையத் தூக்கிவிட்டா போதும்" என்றேன்.

அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கதவுப் பக்கம் போனாள். பட்டை கொக்கியிலிருந்து எழும்புகிற சத்தம் கேட்டது. கதவு விரலளவு அசைந்து, இடுக்கில் வெளிச்சம் வந்தது. நான் ஓடிப்போய்க் கதவில் கை வைத்தேன்.

தெருமுனையில் ஹாரன் அடித்தது.

"ஐயோ, பஸ் போயிடுமே" என்றாள் அவள். பட்டை மறுபடியும் கொக்கியில் விழுந்தது. செருப்புச் சத்தம் ஓடித் தேய்ந்தது.

பாவி, சண்டாளி என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். மனைவி ஜன்னலில் நின்று அந்தப் பெண் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளத் திட்டாதீங்க" என்றாள். "அந்த வாத்தியாரும் சம்சாரமும் ஜன்னல்ல நின்னப்போ நாமளும் இப்படித்தானே எந்திரிச்சு ஓடினோம்."